கழுத்து திரும்பாதவருக்கு ஒரு கார்

என் வீட்டுக்காரருக்குக் கழுத்து இடது பக்கம் திரும்பாது. எலும்புத் தேய்மானம் என்றார்கள். வலது பக்கம் ஓரளவு திரும்பும். இடது பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் இடுப்போடு சேர்ந்து முழு ஆளும் திரும்பித்தான் பார்ப்பார். சர்ச்சில் இடது பக்கத்து பெஞ்சுக்காரர்கள், "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரர் எங்களைக் கண்டுக்கவே மாட்டேங்கறாரு" என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். "கர்வமெல்லாம் இல்லீங்க, கழுத்துங்க" என்று நான் போய்ச் சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சேலத்திலிருந்து ஏறி வரும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மேல் ரோட்டைப் பார்த்தாக வேண்டும். வலது பக்கம் திரும்பும் வளைவில் டிரைவர் தன் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். இடது பக்கம் திரும்பும் வளைவில் மேல் ரோடு இடது தோளுக்குப் பின்னால், தலைக்கு மேலே கிடக்கும். கழுத்தைத் திருப்பினால்தான் பஸ் வருகிறதா, லாரி வருகிறதா என்று தெரியும். போதாக்குறைக்கு அந்த வளைவுகள் செங்குத்து. உள்பக்கம் ஒட்டி ஏறினால் வண்டி திணறும். அதனால் கொஞ்சம் வெளியே எடுத்துத்தான் வளைப்பார்கள். அப்படி வெளியே எடுக்கிற நேரத்தில் மேலிருந்து ஏதாவது வந்தால் நேருக்கு நேர்தான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது மலை வழக்கம். லீவுக்கு மேலே வந்துவிட்டு அவசரமாக இறங்குகிறவர்களுக்கு வழக்கமாவது ஒன்றாவது!

ஆகவே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வலது வளைவெல்லாம் அவருடையது, இடது வளைவெல்லாம் என்னுடையது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வளைவு வரும் முன்பே தலையை வெளியே நீட்டி மேலே பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை என்றால் "வாங்க" என்பேன். வந்தால் "இருங்க" என்பேன். உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை இது. அவர் கழுத்து இறுக இறுக, என் வாய் தானாக நீண்டது. நான் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவள். ஹாஸ்டல் நிறையப் பிள்ளைகளை 'வா', 'இரு' என்று மேய்த்த வாய்க்கு இது பெரிய வேலை இல்லை. அவரோ எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவர். யார் சொன்னாலும் கேட்காத மனுஷன். அந்த மலைப்பாதையில் மட்டும் என் ஒரு சொல்லுக்கு ஸ்டியரிங்கைத் திருப்புவார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இனி என் கண்ணுக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு முறை என்றால் அவசரம் என்று விட்டுவிடலாம். இடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப இடித்தேன். இடது பக்கம் வந்து படுத்திருந்த நாயை மிதித்தேன், அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சேலத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனாள். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எனக்குப் பயம். தெரிந்ததற்கும் அமுக்கினேன், தெரிந்திருக்கும் என்று தோன்றியதற்கும் அமுக்கினேன். மிஷினை ஏமாற்ற முடியுமா? கண்ணில் பிரஷர் ஏறி இடது கண் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, ஓரப் பார்வை நிறையப் போய்விட்டது, போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நேரே பார்த்தால் எழுத்துத் தெரிந்தது, முகம் தெரிந்தது. அதனால்தான் இத்தனை நாள் எனக்கே தெரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. தங்கையிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு அப்பட்டமாகத் தெரியும். பக்கத்தில் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் அவர் மலைப்பாதையில் வண்டி எடுக்க முடியாது. வண்டி நின்றால் சேலம் ஆஸ்பத்திரி இல்லை, தங்கை வீடு இல்லை, நினைத்தபோது நினைத்த இடத்துக்குப் போகிற அந்த மனுஷனே இல்லை. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் அதற்காகவே காத்திருக்கிறான். அவனுடைய அடுக்குமாடி வீட்டில் எங்களுக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறது. அங்கே பால்கனியில் நின்று கீழே போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரரை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. சொன்னால் அவர் வண்டி போய்விடும். சொல்லாவிட்டால் ஒருநாள் நாங்கள் இரண்டு பேருமே போய்விடுவோம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல மாதம் சோறு தின்றேன்.

இந்த லட்சணத்தில்தான் கார் வாங்கும் பேச்சு வந்தது. எங்களிடம் இருந்தது பழைய ஜீப். அதன் கிளட்சை மிதிக்க ஒரு எருமையின் பலம் வேண்டும். அவருக்கு இடது முட்டி வீங்க ஆரம்பித்தது. முட்டி டாக்டர், கிளட்ச் மிதிக்கிற வேலையே இனிக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் ஃபோனில், "அப்போ வண்டியே வேண்டாம்பா" என்றான். இவர் ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் மகனே இறங்கி வந்து, ஆட்டோமேட்டிக் கார் வாங்கினால் ஓட்டலாம், ஆனால் அதையும் சரியாக ஓட்ட முடியாவிட்டால் பேசாமல் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டான்.

"கியர் இல்லாத வண்டி ஒரு வண்டியா? அதுக்கு மாவாட்டற கிரைண்டரே தேவல" என்று இவர் முணுமுணுத்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். ஜீப்பை எங்கள் ஊர் ஒண்டிக்கடை முக்கில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர் வாங்கிக்கொண்டு போனார். அது எங்கள் கேட்டைத் தாண்டும்போது இவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

சேலத்தில் கார் ஷோரூமுக்குப் பஸ்ஸில் போனோம். மீசை நரைத்த ஒரு விற்பனைக்காரர் எங்களைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் வயதானவர் என்றால் காது கேட்காது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், கத்திக் கத்திப் பேசினார். முதலில் காட்டியது ஒரு பெரிய கார். டிவி மாதிரி ஒரு திரை. கண்ணாடியில் பனி படிந்தால் துடைக்கிற காற்றைப் போடுவதற்குக்கூட அந்தத் திரையில் விரலால் தேட வேண்டும். எங்கள் ஊரில் நவம்பரில் பனி எப்போது படியும் என்று சொல்ல முடியாது. ரோட்டைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா? இவர், "திருகறதுக்கு ஒரு குமிழு இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லையாம்.

இரண்டாவது கார் தாழ்வாக இருந்தது. உள்ளே இறங்கிவிட்டார். வெளியே வருவதுதான் பாடு. கதவைப் பிடித்து, கூரையைப் பிடித்து, விற்பனைக்காரரின் தோளையும் பிடித்து எழுந்தார். எழுந்து நின்று, "நல்லா சொகமா இருக்குதுங்க. உக்காந்தே செத்துப்போறவங்களுக்கு ஏத்த வண்டி" என்றார். விற்பனைக்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மூன்றாவது ஒரு சின்ன கார். உயரமாக நிமிர்ந்து நின்றது. சீட்டு அவர் இடுப்பு உயரத்தில் இருந்ததால் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார், எழுந்தார். கதவு அகலமாகத் திறந்தது. ஏசிக்குக் குமிழ் இருந்தது. ஏற்றத்தில் பிரேக்கை விட்டாலும் கொஞ்ச நேரம் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளுமாம். அவர் முகத்தில் பல நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று காரிலும் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து, முந்தானையால் முகம் துடைப்பதுபோல் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் பார்த்தேன். முதல் காரில் ஜன்னல் விளிம்பு என் தோளுக்கு வந்தது, முன்கண்ணாடி ஓரத்துத் தூண் தடியாக மறைத்தது. இரண்டாவது காரில் கூரை மறைத்தது. மூன்றாவதில் கண்ணாடி பெரிது, தூண் ஒல்லி, அப்படியும் ஓரத்தில் ஏதோ சாம்பல் பூசியதுபோல் ஒன்றும் சரியாக இல்லை. இது காரின் குறையா, என் கண்ணின் குறையா? யாரைக் கேட்பது? விற்பனைக்காரர் இவரிடம் கால் நீளம் கேட்டார், முட்டி கேட்டார், முதுகு கேட்டார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, என்ன கலர் வேண்டும் என்று.

"எனக்கு இந்த வண்டி புடிக்கலைங்க" என்றேன்.

"ஏன்?"

"சீட்டு சரியில்லை."

"முன்னாடி ரெண்டு வண்டிக்கும் அதேதானே சொன்ன?"

"மூணும் சரியில்லை."

அவர் என்னை முழு உடம்பும் திருப்பிப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். பிறகு விற்பனைக்காரரிடம், "வண்டிய மலையில ஓட்டிப் பாக்கோணுமுங்க. சமவெளியில எல்லா வண்டியும் நல்லாத்தான் போகும்" என்று சொன்னார். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் காலையில் கார் அடிவாரத்துக்கு வந்துவிடும் என்றார் விற்பனைக்காரர். நாங்கள் அன்றைக்குத் தங்கை வீட்டில் தங்கினோம். நான் தூங்கவேயில்லை என்று சொல்லத் தேவையில்லை. ஜெபம் பண்ணிப் பார்த்தேன். வார்த்தை பாதியில் நின்று, 'இடது வளைவு எத்தனை, அதில் மரம் மறைக்காதது எத்தனை' என்று மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

காலையில் விற்பனைக்காரர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். இவர் ஓட்டினார். ஆரம்பத்தில் இடது கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். "சார், இந்த வண்டியில இடது காலுக்கு வேலையே இல்லைங்க. மறந்துருங்க. பழைய வண்டி ஓட்டினவங்க கிளட்சுன்னு நெனச்சு இடது காலால பிரேக்கை ஓங்கி மிதிச்சுருவாங்க. அது மட்டும் பார்த்துக்கோங்க" என்று விற்பனைக்காரர் கத்தினார். இவர் காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

முதல் வளைவுகள் நன்றாகவே போயின. வண்டி சத்தமில்லாமல் ஏறியது. சத்தமில்லாததுதான் எனக்கு வினையாக இருந்தது. ஜீப்பில் ஜன்னலே கிடையாது என்று சொல்லலாம், மேலே வரும் பஸ்ஸின் ஹாரனும் இன்ஜின் முனகலும் உள்ளே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததைப் பல மாதமாகக் காதால் கேட்டுத்தான் 'வாங்க' சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தேன். இதிலோ கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, விற்பனைக்காரர் ரேடியோவும் போட்டுவிட்டிருந்தார். நான் கண்ணாடியை இறக்கினேன். "அம்மா, ஏசி போயிரும்" என்று அவர் தன் பக்கப் பொத்தானைக் காட்டி, ஏற்றச் சொன்னார். நான் ஏற்றினேன். ஏன் ஏற்றினேன்? வார்டனாக இருந்தபோது பள்ளிக் கரஸ்பாண்டென்டையே எதிர்த்துப் பேசியவள், ஒரு கண்ணாடிக்கு வாயை மூடிக்கொண்டேன். எதிர்த்துப் பேசினால் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா!

பாதி மலைக்கு மேல் ஓர் இடது வளைவு. மரங்கள் அடர்ந்த இடம். வெயிலும் நிழலுமாக ரோடு திட்டுத் திட்டாகக் கிடந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி மேலே பார்த்தேன். மரம் தெரிந்தது, கரை தெரிந்தது, ரோட்டில் ஒரு துண்டு தெரிந்தது. மீதி, தெரிந்ததா தெரியவில்லையா என்றே தெரியவில்லை. அவர் காத்திருந்தார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"வாங்க" என்றேன்.

வண்டியை வெளியே எடுத்தார். எடுத்த அதே நொடியில் அது ஓங்கி அடித்ததுபோல் நின்றது. சீட் பெல்ட் என் தோளை அறுத்தது. விற்பனைக்காரர் முன்சீட்டில் வந்து மோதினார். அடுத்த நொடி மேலிருந்து ஒரு பஸ், எங்கள் மூக்குக்கு முன்னால் சுற்றிக்கொண்டு, இவர் பக்கத்துக் கண்ணாடியை உரசுவதுபோல் இறங்கியது. இன்னும் ஒரு முழம் நாங்கள் போயிருந்தால் அது எங்கள் மேல்தான் இறங்கியிருக்கும். பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, ஜன்னலில் தலையை விட்டு, "ஏனுங்க பெரியவரே, வளைவுல வந்து நடு ரோட்டுல பிரேக்கு போடறீங்களே, அறிவு வேண்டாமுங்களா?" என்று திட்டிவிட்டுப் போனார்.

"இடது காலை வச்சுட்டீங்களா சார்?" விற்பனைக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆமாங்க" என்றார் இவர். "கிளட்சுன்னு நெனச்சு மிதிச்சுப்போட்டேன்."

"பரவால்ல சார், எல்லாருக்கும் வர்றதுதான். மீதியை நான் ஓட்டட்டுங்களா?"

இவர் மறு பேச்சுப் பேசாமல் இறங்கிப் பின்சீட்டுக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து இவரைப் பின்சீட்டில் நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தார். அவர் கால் தவறியதால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் வாங்க என்று சொன்னேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் மகன் ஃபோன் செய்தான். எங்கள் இருவருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை இவரே சொன்னார், கால் குழம்பிவிட்டது என்று. அவன் முதலில் பயந்தான், பிறகு கோபப்பட்டான். "போதும்பா. நான் அன்னிக்கே சொன்னேன்ல? அம்மாவையும் சேர்த்துக் கொன்னிருப்பீங்க" என்றான். இவர் கோபப்படுவார், நான்கு வார்த்தை திருப்பிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "செரி கண்ணு. இனி ஓட்டல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு வீட்டில் நடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. கார் பற்றிய பேச்சே இல்லை. சர்ச்சுக்கு ஆட்டோவில் போனோம். காய்கறிக்கு அவர் ஒண்டிக்கடை வரை அந்த முட்டியோடு நடந்தே போய் வந்தார். போகிற வழியில் யாராவது "ஏனுங்க, கார் எடுக்கலீங்களா?" என்று கேட்டால், "வயசாயிப்போச்சுங்க, கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தாராம். பக்கத்து எஸ்டேட்காரர் வந்து என்னிடமே சொன்னார். தலைக்கு டை அடிக்காமல் கேட்டைத் தாண்டாத மனுஷன், ஊர் பூராவும் தனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் சோற்றைக் குழைய விட்டேன், குழம்பில் உப்புப் போட மறந்தேன். அவர் அப்படியே தின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு காலை வேளை. அவர் முற்றத்தில் படுதா விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றேன்.

"ஏனுங்க, அந்த பஸ்ஸை நான் பாக்கலைங்க."

அவர் மிளகைப் பரப்பிக்கொண்டே இருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கதவு நிலை, டாக்டர், சொட்டு மருந்து, போன கண் வராது என்றது, எல்லாம். அழுகிறேனா பேசுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. "உங்க கால் தப்பினதாலதான் பொழச்சோம். நீங்க தப்பு பண்ணலைன்னா நான் உங்களைக் கொன்னுருப்பேன்" என்று முடித்தேன்.

அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முழு ஆளாக என் பக்கம் திரும்பினார்.

"என்ற கால் எங்க தப்புச்சு? வலது காலுலதான் மிதிச்சேன், அம்மிணி. இத்தன வருசம் வண்டி ஓட்டினவனுக்கு எது பிரேக்குன்னு தெரியாதா?"

எனக்குப் புரியவில்லை. "பஸ் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்கு எங்க தெரியும்? கழுத்துதான் திரும்பாதே. உன்ற கொரலு தெரிஞ்சுது."

"என்ன கொரலு?"

"பாத்துட்டு சொன்னீன்னா, 'வாங்க'ன்னு சொல்லிப்போட்டு ஒடனே வேற பேச்சுக்குப் போயிருவ. மீன் வெல, யாரு ஊட்டுக் கல்யாணம், பாதிரியாரு பிரசங்கம்னு. பாக்காம சொன்னா, சொல்லிட்டுக் கம்முனு ஆயிருவ. வளைவு தாண்டற வரைக்கும் மூச்சு விட மாட்ட. மழ விட்டதுல இருந்து அப்படித்தான். நானும் ஒவ்வொரு எடது வளைவுலயும் நின்னு நின்னுதான் ஏறிட்டிருந்தேன். அன்னிக்குப் பின்னால வந்த வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான்னு கொஞ்சம் வெளிய எடுத்தேன். நீ மூச்சப் புடிச்சிருந்த. மிதிச்சுட்டேன்."

எனக்கு வந்த கோபம்! "கல்லுளிமங்கா" என்று கத்தினேன், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "அப்பறம் ஏன் கிளட்சுன்னு சொன்னீங்க? ஏன் நம்ம பையன் கிட்ட அத்தனை பேச்சு வாங்கினீங்க? ஊர் பூரா வயசாயிப்போச்சுன்னு ஏன் சொல்லிட்டுத் திரியறீங்க?"

"வேற என்னத்தச் சொல்றது? பின்னால ஒருத்தன் உக்காந்திருக்கான். என்ற பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியலைன்னா அவங்கிட்ட சொல்லச் சொல்ற? நீ சொல்லாம வச்சிருக்கறத நான் எப்படிச் சொல்றது?" காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நான் நிறுத்திப்போட்டா நீ 'வாங்க' சொல்ல வேண்டியதில்ல. ஒவ்வொரு வளைவுக்கும் நீ பயப்படறத என்னால பாக்க முடியல. அவ்வளவுதான். அதுக்கு எனக்கு வயசாச்சுன்னு சொன்னா என்ன கொறஞ்சுபோச்சு?"

நான் படுதாவின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்கு உட்கார முட்டி வராது, நின்றபடியே என் தலை மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். மிளகு வாசம் வந்தது அந்தக் கையிலிருந்து. ரொம்ப நேரம் கழித்து, மலை மேலேயே ஓட்டுவதற்கு ஒரு வண்டி வேண்டும்தானே என்று நான் கேட்டேன். சர்ச்சுக்கு, ஒண்டிக்கடைக்கு, செம்மநத்தம் ரோட்டில் தெரிந்தவர்கள் வீட்டுக்கு. அங்கெல்லாம் ரோடு ஒடுக்கம்தான், ஆனால் கொண்டை ஊசியாக மடங்கித் தலைக்கு மேல் போகாது, அவர் மெதுவாகப் போனால் யாரும் வாங்க சொல்ல வேண்டியதில்லை. கீழே இறங்க வேண்டும் என்றால் பஸ், இல்லாவிட்டால் கூலிக்கு ஒரு டிரைவர். அவர் யோசித்தார். "அந்தச் சின்ன வண்டி உனக்குத்தான் புடிக்கலைன்னியே" என்றார். "சீட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அன்று சாயங்காலம் மகன் கூப்பிட்டபோது இவர்தான் எடுத்தார். மேலே ஓட்ட மட்டும் அந்தச் சின்ன காரை எடுக்கலாம் என்று இருக்கிறோம் என்றார். அந்தப் பக்கமிருந்து அவன் பொரிந்து தள்ளியது எனக்குக் கேட்டது. கால் குழம்புகிற ஆளுக்கு மேலே என்ன, கீழே என்ன என்றான். இவர் என் பக்கம் பார்க்காமல், "ஆமா கண்ணு, கால் கொழம்பிப்போச்சுதான், ஆனா பழகிக்குவேன், கொஞ்சம் டைம் குடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். இத்தனை பேசியும் மறுபடி அதே பொய்யை அவனிடம் சொல்கிறார். எனக்காக இன்னும் எத்தனை நாளைக்கு மகனிடம் கெஞ்சுவார்?

நான் ஃபோனை வாங்கினேன். "குடு, போதும்" என்று அவர் கையை நீட்டினார். கொடுக்கவில்லை.

"சாமி, அப்பாவைத் திட்டாத. அவர் கால்ல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் கண்ணு போயிட்டிருக்கு. அன்னிக்கு பஸ் வந்தது எனக்குத் தெரியல. அவர்தான் நிறுத்தினாரு."

அவன் மெதுவாக, சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பேசுகிற குரலில், "எந்தக் கண்ணும்மா?" என்று கேட்டான்.

"இடது கண்ணு" என்றேன். "உங்கப்பா உக்கார்ற பக்கம் நல்லாத்தான் தெரியுது."